மண்டல மணம் குறைவு

டையின் ஒரு முனையை நம்மாள் பிடித்திருந்தான். மறுமுனை டேட்டாபேஸ் அண்ணன் கையில். நடுவில் கை உலர்த்தும் இயந்திரம் உஸ்ஸென்று அனல் கக்கிக்கொண்டிருந்தது. டை முழுக்கப் பால்.

"இழுத்துப் பிடி தம்பி, சுருங்குது பாரு."

"நேரமாச்சுண்ணே. கதவைச் சாத்திடுவாங்க."

"ஈர டையோட போனா அந்தம்மா சும்மா விடுவாங்களா? 'ஆர்வம் உண்டு, உலர்ச்சி போதாது'ன்னு எழுதி வச்சிடுவாங்க. ஒரு நிமிஷம் பொறு."

வெளியிலிருந்து கழிவறைக் கதவை ஒரு சின்ன ஷூ உதைத்தது. தான் வேண்டுமென்று கொட்டவில்லை, பால்தான் தானாக வந்து விழுந்தது என்று நம்மாளின் மகள் மறுபடியும் அறிக்கை விட்டாள். ஆறு வயது. பிறந்தபோது எடை ரொம்பக் குறைச்சல். துணியில் சுற்றிக் கொண்டுவந்த நர்ஸ், கொசுறு மாதிரி இருக்கிறாளே என்று வாய் தவறிச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறப்புச் சான்றிதழில் லட்சணமாக ஒரு பெயர் இருக்கிறது. அது தன்னுடைய பெயர் என்பதே அவளுக்குப் பாதி நாள் ஞாபகம் இருப்பதில்லை.

நம்மாளுக்குத் தொழில் சாஃப்ட்வேர். பழைய ஊரில் பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதியவன். டேட்டாபேஸ் அண்ணன் அதற்கும் மூத்தவர். உலகத்தில் எதைக் கொடுத்தாலும் அட்டவணை போட்டு அடுக்கிவிடுவார். வேறு ஊர்க்காரர். இருவரும் சந்தித்தது இந்தக் கட்டடத்தில். கட்டடத்தின் பெயர், புதியோர் திறன் இணைப்பு மையம்.

இன்று நம்மாளுக்கு மாதிரி நேர்காணல். உண்மையான நேர்காணல் இல்லை. ஆனால் உண்மை என்றே நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது மையத்தின் விதி. உண்மையாகப் பயப்பட வேண்டும், உண்மையாக வியர்க்க வேண்டும், முடிவில் வேலை இல்லை என்று சொல்வார்கள், உண்மையாக ஏமாற வேண்டும். ஏமாற்றத்துக்குத் தனியாக மதிப்பெண் உண்டு.

டையை முக்கால் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு நம்மாள் ஓடினான். வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரம் அவனைப் பார்த்து யோசித்தது. மறுபடி பார்த்தது. பிறகு அணைந்துவிட்டது.

"நீங்க இன்னும் வரலை சார்" என்றார் காவலாளி.

"எதிர்லதானே நிக்கிறேன்?"

"நிக்கறீங்க. ஸ்கிரீன்ல இல்லையே."

அவர் குரலில் விரோதம் எதுவும் இல்லை. வருத்தம்கூட இருந்தது. நம்மாள் குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, கடைசியில் பல்லைக் காட்டியபோது இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவன் வந்தான்.

உள்ளே மூத்த வழிகாட்டி அம்மையார் நடுநாயகமாக அமர்ந்திருந்தார். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், தலையாட்ட.

"மண்டல அனுபவம் எவ்வளவு?"

"பன்னிரண்டு வருஷமா ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்ல இருக்கேன் மேடம்."

"நான் கேட்டது மண்டல அனுபவம்."

"அது... அங்க எழுதினது."

"அங்க எழுதினது அங்க. இங்க?"

"கம்ப்யூட்டர் எல்லா ஊர்லயும் ஒண்ணுதானே மேடம்."

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். இடமும் வலமும் தலையாட்டலை நிறுத்தின.

"கம்ப்யூட்டர் ஒண்ணுதான். ஆனா நாங்க கம்ப்யூட்டருக்கா வேலை குடுக்கறோம்? உங்களுக்கு. அங்க வெயில் அடிக்கும்போது எழுதற கோட் வேற, இங்க வெயில் அடிக்கும்போது எழுதற கோட் வேற. அந்த வித்தியாசம் புரியணும்னுதான் மண்டல அனுபவம்னு ஒண்ணு வச்சிருக்கோம்."

"அது எப்படி மேடம் கிடைக்கும்?"

"இங்க வேலை பார்த்தா கிடைக்கும்."

"இங்க வேலை?"

"மண்டல அனுபவம் இருந்தா கிடைக்கும்." அம்மையார் பொறுமையின் சிகரம். "இதுல என்ன குழப்பம் உங்களுக்கு? இத்தனை வருஷத்துல யாரும் குழம்பினதா எங்ககிட்ட பதிவே இல்லையே."

பிறகு, வேலை இல்லை என்று அறிவித்தார். நம்மாள் ஏமாந்தான். ஏமாற்றத்தில் கண் அளவுக்கு மீறிச் சிவந்துவிட்டது என்று வலப்பக்கத்தவர் குறித்துக்கொண்டார். மண்டலத்தில் ஏமாற்றம் என்பது புன்னகையும் ஒரு சிறிய பெருமூச்சும் மட்டும். பெருமூச்சு எதிரில் இருப்பவர் மேல் படக் கூடாது.

வெளியே நாற்காலியில் கொசுறு காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை கிடைத்ததா என்று கேட்டாள். இது மாதிரி வேலை, உண்மை வேலை இல்லை என்றான். அப்படியானால் மாதிரி வேலையாவது கிடைத்திருக்க வேண்டுமே என்றாள். அந்தக் கேள்வியை அம்மையாரிடம் கேட்டிருக்க வேண்டும்.

*

இந்த மண்டலத்துக்கு அவர்கள் வந்தது மனைவியின் வேலையால். சிறுநீரகப் பிரிவில் டயாலிசிஸ் டெக்னீஷியன். மண்டலத்து ஆஸ்பத்திரி அவளை வருந்தி வருந்தி அழைத்தது. குடும்பத்தோடு வரலாம் என்றது. வந்து இறங்கிய பிறகு ஒரு சின்ன நிபந்தனையையும் சொன்னது. ஓர் ஆண்டுக்குள் கணவன் தன் சொந்தத் தொழிலில் வேலை பெற வேண்டும். பெறாவிட்டால் கணவனும் குழந்தையும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட வேண்டும். மனைவி தாராளமாக இருக்கலாம். நோயாளிகள் காத்திருக்கிறார்கள்.

அதுவரை கொசுறுக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது. பள்ளியில் சேரத் தங்கல் அனுமதி உறுதியாக வேண்டும். அனுமதிக்கு அப்பாவுக்கு வேலை வேண்டும். வேலைக்கு மண்டல அனுபவம் வேண்டும். அதனால்தான் அப்பா போகும் இடமெல்லாம் அவளும் ஒரு பையும் பால் பாட்டிலுமாகப் போய்வந்தாள்.

முதலில் நம்மாள் ஏறாத கம்பெனிப் படி இல்லை. எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷமா, அடேயப்பா என்று புருவத்தை உயர்த்தினார்கள். பிறகு மையத்தின் சான்றிதழ் வாங்கி வாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கண்ணைத் திறந்துகொண்டு எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை.

அப்படித்தான் மையத்துக்கு வந்து சேர்ந்தான்.

மையத்தில் முதல் வகுப்பு லிஃப்ட் உரையாடல். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, ஒரே தளம். அதனால் வகுப்பறை மூலையில் அட்டைப் பெட்டியால் ஒரு லிஃப்ட் செய்து வைத்திருந்தார்கள். நாலு பேர் உள்ளே நிற்க வேண்டும். மேலதிகாரியாக நடிப்பவர் "இன்னிக்குக் கொஞ்சம் புழுக்கம்" என்பார். மற்றவர்கள் ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஆமாம் அவர் சொல்லி முடித்த பிறகு வர வேண்டும், ஆனால் கதவு திறப்பதற்கு முன் வந்துவிட வேண்டும். டேட்டாபேஸ் அண்ணன் முதல் நாளே, புழுக்கம் ஒன்றும் இல்லையே என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அவரை மறுபடி முதல் வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள்.

அடுத்தது டீ அறை வகுப்பு. கோப்பையை எந்தக் கையில் பிடிப்பது, யார் எதிரில் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது. அதற்கும் அடுத்தது நன்றி வகுப்பு. "உங்கள் விண்ணப்பத்தை நிராகரிக்கிறோம்" என்று பதில் வந்தால், நிராகரித்த விதம் எவ்வளவு இனிமையாக இருந்தது என்று பாராட்டி எழுத வேண்டும். நம்மாள் எழுதிய பாராட்டில் உள்ளூரக் கோபம் தெரிகிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். திருத்தி எழுதினான். இப்போது உள்ளூர அழுகை தெரிகிறது என்றார்கள்.

"நான் வேணா என் ஆஸ்பத்திரில பேசிப் பார்க்கட்டுமா?" என்றாள் மனைவி. ஷிஃப்ட் முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னன்னு பேசுவே?"

"என் புருஷனைத் திருப்பி அனுப்பினா, நானும் மெஷினை ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவேன்னு."

"பண்ணுவியா?"

அவளால் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். மண்டலத்துக்கும் தெரியும். தெரிந்துதான் நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று நம்மாளுக்குத் தோன்றியது. எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினான். ஏற்கெனவே கழுவியவற்றை.

*

பிறகு வந்தது பயோடேட்டா மெலிவு வகுப்பு.

அம்மையாரே நேரில் எடுக்கும் வகுப்பு. ஒவ்வொருவர் பயோடேட்டாவையும் பெரிய திரையில் போட்டு, கையில் குச்சியோடு நிற்பார். நம்மாளின் முறை வந்தது.

"பன்னிரண்டு வருஷம்னு போட்டிருக்கீங்க. இதைப் பார்த்தா ஒரு முதலாளி என்ன நினைப்பார்?"

அனுபவசாலி என்று நினைப்பார் என்றான் நம்மாள்.

"பயப்படுவார். இவனுக்கு எல்லாம் தெரியும், நம்ம சொல்றதைக் கேக்க மாட்டான்னு பயப்படுவார். புதுசா வந்தவங்க ஒருத்தரைப் பயமுறுத்தலாமா? அது பண்பாடா?" குச்சி திரையில் தட்டியது. "எடுத்துடுங்க."

"எவ்வளவு மேடம்?"

"முழுசா."

வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, நம்மாள் தன் கையாலேயே அழித்தான். மேலாளர் திட்டிய வருஷம், மேலாளரை அவன் திட்டிய வருஷம், ஒரு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக் கணக்கு முழுவதும் ஒரே காலையில் காணாமல் போய், யார் ரத்தமும் வீணாகாமல் மீட்டுக்கொடுத்த வருஷம், கொசுறு பிறந்த வருஷம். ஒன்று விடாமல் போயிற்று. பயோடேட்டாவில் பெயரும், முகவரியும், 'புன்னகைக்கக் கூடியவர்' என்ற ஒரு வரியும் மிஞ்சின.

"இப்ப பாருங்க, எவ்வளவு லேசா இருக்கு" என்றார் அம்மையார். பிறகு முகம் வாடியது. "ஆனா அனுபவமே இல்லாத ஆளை யார் எடுப்பாங்க? கொஞ்சம் கஷ்டம்தான்."

நம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டான். அழித்த வருஷங்களை எங்கே வைப்பது?

"எங்க வேணும்னாலும் வச்சுக்குங்க" என்றார் அம்மையார், பெருந்தன்மையாக. "இங்க மட்டும் வேண்டாம்."

*

மண்டல அனுபவத்துக்கு ஒரு குறுக்கு வழியும் இருந்தது. பயிற்சி வேலை, வகுப்புகளோடு கூடவே நடப்பது. மையம் ஒரு கற்பனை அலுவலகத்தைச் சொல்லும். அதற்கு மென்பொருள் எழுத வேண்டும். எழுதினால் மதிப்பெண், மதிப்பெண் சேர்ந்தால் சான்றிதழ்.

கற்பனை அலுவலகத்தில் கற்பனை விண்ணப்பதாரர்கள் வரிசையாக வருவார்கள். கற்பனை அதிகாரி பெயரைத் தட்டினால் ஆளின் விவரம் திரையில் வர வேண்டும். தகுதியான ஆள் என்றால் திரை பச்சை. இல்லையென்றால் சிவப்பு. தகுதி என்றால் என்ன என்று நம்மாள் கேட்டனுப்பினான். மண்டல அனுபவம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விதியைத் தன் கையாலேயே எழுதினான்.

மனைவி இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குவாள். ஒற்றை அறை வீடு. அதனால் நம்மாளின் அலுவலகம் சமையலறை. அடுப்புக்குப் பக்கத்தில் லேப்டாப், எதிரில் முக்காலியில் கொசுறு. திரைக்கு எந்த நிறம் வைக்கலாம் என்று அவளைத்தான் கேட்டான். எலுமிச்சை மஞ்சள் என்றாள். பெரியவர்கள் அலுவலகத்துக்கு மஞ்சளா என்று யோசித்தான். கற்பனைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வைத்தான். மனைவி இடக்கைக்காரி, அவளை நினைத்து, அதிகாரி அழுத்தும் பொத்தானை இடப்பக்கம் வைத்தான்.

எழுதுவது ஓடுகிறதா என்று பார்க்க, நடுநடுவே ஏதாவது ஒரு பெயரைத் தட்டிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் வாய்க்கு வந்த எழுத்தைத் தட்டுவார்கள். நம்மாள் கொசுறு என்று தட்டுவான். பழைய கம்பெனியில் இந்தப் பழக்கத்துக்காகவே மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். ஆனால் அந்தப் பெயர் திரையில் வரும்போதெல்லாம் கொசுறு முக்காலியிலிருந்து எழுந்து, உள்ளேன் ஐயா என்பாள். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

எழுதி அனுப்பியது திருத்தப்பட்டு வந்தது. 'வேலை திருப்தி. மண்டல மணம் குறைவு.'

மணம் என்றால் என்ன என்று மையத்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மணம் உள்ளவர்களுக்குத் தெரியும் என்றார்கள். கூட்டி எழுதினான். ஒரே நேரத்தில் ஊரே வந்து நின்றாலும் தாங்க வேண்டும் என்றார்கள். தாங்க வைத்தான். திருடன் நுழைய முடியாதபடி பூட்டச் சொன்னார்கள். பூட்டினான். ஒவ்வொரு தடவையும் திருப்தி, ஒவ்வொரு தடவையும் மணம் குறைவு.

உள்ளிருக்கும் அட்டவணைகளெல்லாம் டேட்டாபேஸ் அண்ணன் அமைத்துக் கொடுத்தவை. அவருக்கும் அதே பயிற்சி, அதே மதிப்பெண்.

"கற்பனை ஆபீஸுக்கு எதுக்குடா தம்பி இவ்வளவு பூட்டு?" என்றார் ஒரு நாள், அட்டை லிஃப்டுக்குள் நின்றுகொண்டு.

"கற்பனைத் திருடன் வருவான் போலண்ணே."

அண்ணன் சிரித்தார். லிஃப்டில் சிரிக்கக் கூடாது. மதிப்பெண் போயிற்று.

*

மையத்தின் வெற்றித் திருநாள் அன்று எல்லோரையும் டை கட்டி வரச் சொன்னார்கள். மேடையில் பூங்கொத்துகளுக்கு நடுவே இயக்குநர். அவரை அதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. கொசுறு நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தாள்.

இயக்குநருக்கு நல்ல குரல். நெஞ்சிலிருந்து பேசினார்.

"பத்திரிகைக்காரங்க என்னைக் கேக்கறாங்க, உங்க மையத்துல இதுவரை எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுதுன்னு. எவ்வளவு குறுகலான கேள்வி பாருங்க. ஆஸ்பத்திரில போய், எத்தனை பேர் பிழைச்சாங்கன்னு கேப்பீங்களா? படுக்கை சுத்தமா இருக்கான்னு கேளுங்க. எங்க படுக்கை சுத்தமா இருக்கு. ஒருத்தருக்கு வேலை கிடைச்சா என்ன ஆகும்? அவர் போயிடுவார். நமக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிஞ்சுடும். வேலை கிடைக்காதவர்தான் நம்மோட இருக்கார், வளர்றார், திரும்பத் திரும்பப் பயிற்சி எடுக்கறார். உண்மையான வெற்றி அவர்தான். அவருக்கு எல்லாரும் கை தட்டுங்க."

கை தட்டினார்கள். வேறு என்ன செய்வது. தட்டாதவர்களைக் கணக்கெடுக்க ஒருவர் நின்றிருந்தார். தங்களுக்குத் தாங்களே தட்டிக்கொண்டார்கள்.

அதன் பிறகு இயக்குநர், இந்த ஆண்டு மையம் மண்டல அரசுக்குப் பெரிய சேவை ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறது, பாதுகாப்பு கருதி விவரம் சொல்வதற்கில்லை என்றார். மேடையில் யாரோ அவருக்குப் பொன்னாடை மாதிரி ஒன்றைப் போர்த்தினார்கள்.

டேட்டாபேஸ் அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது.

பேருந்து நிலையத்தில்தான் நம்மாள் அவரைப் பிடித்தான். இரண்டு பெட்டி, ஒரு குடை. காலையில் அனுமதி அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். ஒரே நொடியில் வேலை முடிந்துவிட்டதாம்.

"பேரைத் தட்டினான். சிவப்பு காட்டிச்சு. அவ்வளவுதான். 'இன்னிக்கே கிளம்பிடுங்க சார்'னுட்டான். ரொம்ப மரியாதையான பையன்."

"அண்ணே, மேல எங்கயாவது சொல்லிப் பார்க்கலாமே."

"எங்க? மேலயும் அதே ஸ்கிரீன்தான்." பெட்டியின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். "ஊர்ல இருக்கிற எல்லாரையும் அடுக்கற மாதிரி அட்டவணை போட்டுக் குடுத்தேன் தம்பி. அதுல எனக்கு ஒரு வரிசை இல்லாம போச்சு. சரி விடு. அந்த லிஃப்டுல மட்டும் ஒரு நாள் உண்மையைச் சொல்லிடு. புழுக்கமா இருந்தா புழுக்கம்னு சொல்லு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லு."

பஸ் கிளம்பியது. கொசுறு கை ஆட்டினாள். நம்மாளால் கையைத் தூக்க முடியவில்லை. முஷ்டி மூடியிருந்தது, திறக்க வரவில்லை.

*

ஆண்டு முடிந்தது. நம்மாள் மகளோடு அனுமதி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தான். மனைவி வரவில்லை. விடுப்புக் கேட்டாள், இல்லை என்றுவிட்டார்கள். காலையில் கொசுறுக்குத் தலை வாரிவிட்டவள், பின்னலை அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள், மறுபடி அவிழ்த்தாள். "சிவப்பு வந்தா உடனே போன் பண்ணு. வேலையில இருந்தாலும் எடுப்பேன்" என்று மட்டும் சொன்னாள்.

கவுண்டரில் இளம் அதிகாரி ஒருவர். மடிப்புக் கலையாத சட்டை. அண்ணன் சொன்ன அந்த மரியாதையான பையனாக இருக்க வேண்டும். வெளிப்படைத்தன்மைக்காக அவருடைய திரையை வந்திருப்பவரும் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தார்கள்.

திரை எலுமிச்சை மஞ்சளில் இருந்தது.

நம்மாள் முதலில் மஞ்சளைத்தான் பார்த்தான். பிறகு பொத்தானைப் பார்த்தான். இடப்பக்கம் இருந்தது. அதிகாரி வலக்கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ச் சிரமப்பட்டு அதை அழுத்தினார். யாரோ ஒருத்தி சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்ததை நினைத்து வைக்கப்பட்ட பொத்தான்.

அடுத்தடுத்த கவுண்டர்களை எட்டிப் பார்த்தான். கூடம் முழுக்க மஞ்சள். கற்பனை அலுவலகம் நிஜமான மேசை நாற்காலிகளோடு, நிஜமான ஆட்கள் வரிசையில் நிற்க, கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. இரண்டு கவுண்டர் தள்ளி ஒரு திரை சிவந்தது. ஒரு கிழவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார்.

"இதை யார் செஞ்சது சார்?" குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

"நல்லா இருக்குல்ல?" அதிகாரிக்குப் பெருமை தாங்கவில்லை. "திறன் இணைப்பு மையத்தோட சொந்தத் தயாரிப்பு. முழுக்க முழுக்க மண்டல நிபுணர்கள். மண்டல அனுபவம் இல்லாதவங்க விரல்கூட இதுல படலை. ஒரு தடவைகூட நின்னதில்லை."

"நான் செஞ்சேன்."

"என்ன சார்?"

"இதை நான்தான் செஞ்சேன். என் வீட்டு அடுப்பு பக்கத்துல உக்காந்து. உள்ள இருக்கிற அட்டவணை எல்லாம் இன்னொருத்தர் போட்டது. அவரை இந்த ஸ்கிரீனை வச்சே பஸ் ஏத்திட்டீங்க."

அதிகாரி கோபப்படவில்லை. அதற்கும் அவருக்குப் பயிற்சி இருந்தது. நம்மாளின் பெயரைத் தட்டினார். சிவப்பு.

"பாருங்க சார். இதை நீங்க செஞ்சிருந்தா உங்களுக்கு மண்டல அனுபவம் இருக்கும். இருந்தா ஸ்கிரீன்ல வரும். வரலை. அதனால நீங்க செய்யலை." ஒரு சிறிய பெருமூச்சு விட்டார். அது நம்மாள் மேல் படவில்லை. "இன்னிக்கே கிளம்பற மாதிரி இருக்கும்."

நம்மாள் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கண்ணாடியை உடைத்துவிடலாம் என்று தோன்றியது. பக்கத்தில் நின்ற சின்னக் கை அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்ததால் உடைக்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்தான். மனைவியின் பெயரைத் தொட வேண்டியதுதான்.

"குழந்தையையும் முடிச்சிடலாம். பேர் என்ன?"

நம்மாள் சான்றிதழை எடுக்கப் போனான். அதிகாரி கையை உயர்த்தித் தடுத்தார். பெயரைச் சம்பந்தப்பட்டவரே சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் சொல்லக் கூடாது என்பது மண்டல விதி. குனிந்து, உன் பேர் என்ன பாப்பா என்றார்.

"கொசுறு" என்றாள் அவள்.

அதிகாரி கேட்டதைத் தட்டினார். உடம்புக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினார்.

திரை பச்சையானது.

"உள்ளேன் ஐயா" என்றாள் கொசுறு, பழக்க தோஷத்தில்.

அதிகாரி படித்தார். உதடு அசைவது தெரிந்தது. மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தார். பிறகு மெதுவாக நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"வணக்கம் மேடம். மன்னிக்கணும், தெரியாம பாப்பான்னுட்டேன். மண்டல அனுபவம் பன்னிரண்டு வருஷம். ஆஸ்பத்திரித் துறை. மூத்த நிபுணர்." கொசுறின் உயரத்தையும், விழுந்திருந்த முன்பல்லையும் பார்த்தார். ஒரு கணம் ஏதோ சந்தேகம் எட்டிப் பார்த்தது. திரையைப் பார்த்தார். சந்தேகம் போய்விட்டது. "உங்களுக்கு நிரந்தர அனுமதி இருக்கு மேடம்."

"அவளுக்கு ஆறு வயசு சார்" என்றான் நம்மாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஸ்கிரீன்ல இருக்கே சார்" என்றார் அதிகாரி, கொஞ்சம் கண்டிப்பாக. ஒரு மூத்த நிபுணரைப் பற்றி அவர் எதிரிலேயே இப்படிப் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அப்பா?" என்றாள் கொசுறு.

"அவரை மேடத்தைச் சார்ந்தவர்னு போட்டுடறேன். மேடம் இருக்கிற வரைக்கும் அவரும் இருக்கலாம்." தட்டினார். நம்மாளின் பெயருக்கு எதிரே இருந்த சிவப்பு மறைந்தது. "அப்புறம் ஒரு வேண்டுகோள் மேடம். திறன் இணைப்பு மையத்துல மண்டல நிபுணர் இடம் ஒண்ணு ரொம்ப நாளா காலி. ஆளே கிடைக்க மாட்டேங்குது. மேடம் எப்ப சேர முடியும்?"

கொசுறு யோசித்தாள். "அம்மாவைக் கேக்கணும்."

நம்மாள் போனைக் காதில் வைத்திருந்தான். மறுமுனையில் மனைவி எடுத்துவிட்டிருந்தாள். பின்னால் இயந்திரங்களின் சத்தம். சிவப்பா, சிவப்பா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பச்சை என்றான். குரலில் இருந்தது கோபமா, சிரிப்பா, பேருந்து நிலையத்தில் குடையோடு நின்றவரின் ஞாபகமா என்று அவனுக்கே தெரியவில்லை.

சமையலறையில் எழுதும்போது, திரை சரியாகப் பச்சையாகிறதா என்று சோதிக்க எல்லாத் தகுதியும் உள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. பயோடேட்டா மெலிவு வகுப்பு முடிந்து வந்த அன்று, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொசுறு என்று ஓர் ஆளை உள்ளே சேர்த்தான். ரத்த வங்கியை மீட்ட வருஷம், மேலாளரோடு சண்டை போட்ட வருஷம், அவள் பிறந்த வருஷம் என்று ஒன்று விடாமல் அவள் கணக்கில் மண்டல அனுபவமாகவே எழுதினான். ஒப்படைப்பதற்கு முன் சோதனை ஆளை அழித்துவிட வேண்டும் என்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. கற்பனை அலுவலகத்துக்கு எதற்கு என்று விட்டுவிட்டான்.

எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மையார்தான் சொன்னார். வைத்திருந்தான்.